விட்கென்ஸ்டைன் ஆறு வருஷம் கிராமத்து வாத்தியாராக இருந்தாரே, அது அவருடைய தத்துவத்தில் எங்கே இருக்கிறது?

கேள்வி: வகுப்பறை வாசகன்

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியராக இருக்கிறேன். மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மெய்யியல் எனக்குப் பாடமாக வந்ததில்லை, சமீப காலமாகத்தான் ஆர்வத்தில் வாசிக்கிறேன்.

லுட்விக் விட்கென்ஸ்டைன் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கதை ஒரே தடத்தில் ஓடுகிறது. முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்துகொண்டே 'டிராக்டேட்டஸ்' எழுதி முடித்தார். தத்துவத்தின் சிக்கல்கள் எல்லாம் அதோடு தீர்ந்துவிட்டன என்று நினைத்து ஒதுங்கினார். ஆஸ்திரியக் கிராமங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். 1929-ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, தான் முன்பு சொன்னதையே மறுத்து மொழியைப் பற்றிப் புதிதாக யோசித்தார். இதில் பள்ளிக்கூட வருஷங்களுக்கு ஒரு வரி, அதிகம் போனால் ஒரு பத்தி. ஏதோ காட்டுக்குத் தவம் பண்ணப் போய் வந்த மாதிரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

தினமும் முப்பது பிள்ளைகளோடு உட்காருகிற எனக்கு இது சரியாகப் படவில்லை. இவ்வளவு கூர்மையான மனுஷன் வகுப்பறையில் இருந்துவிட்டு வெறுங்கையோடா வந்திருப்பார்? அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? பின்னாளில் மொழி பற்றி அவர் எழுதியதில் அதன் சுவடு இருக்கிறதா? ஒரு குழந்தையை அடித்துத்தான் வேலையை விட்டுப் போனார் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது உண்மையா?

பதில்: இரண்டாம் பெஞ்ச்

கல்லூரியில் மெய்யியல் நடத்துகிறேன். முதலில் காலவரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

1889-ல் வியன்னாவில் பிறந்தார். அப்பா கார்ல் பெரிய எஃகு முதலாளி, ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். 1918 கோடையில் நூலை முடித்தார், அந்த நவம்பரில் இத்தாலியர்களிடம் போர்க்கைதியானார். 1919 ஆகஸ்டில் விடுதலையாகி வீடு திரும்பியதும் தன் பங்குச் சொத்து முழுவதையும் உடன்பிறந்தவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, வியன்னாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது வயது 30. பிறகு 1920 முதல் 1922 வரை டிராட்டன்பாக், கொஞ்ச நாள் ஹாஸ்பாக், 1924 வரை புஹ்பெர்க், 1926 வரை ஓட்டர்தால். எல்லாமே கீழ் ஆஸ்திரியாவின் மலையடிவாரத்துச் சின்ன ஊர்கள். அடித்தது உண்மை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பள்ளி அனுபவமும் அப்போது ஆஸ்திரியாவில் ஓட்டோ க்ளொக்கல் முன்னெடுத்த கல்விச் சீர்திருத்தமும்தான் அவருடைய பிற்காலத் தத்துவத்துக்கு விதை என்று 1973-ல் பார்ட்லி என்பவர் எழுதினார். ஆய்வாளர்களில் பலர் அதை ஏற்கவில்லை. விட்கென்ஸ்டைன் இறந்த பிறகு வெளிவந்த அவருடைய பிற்கால முக்கிய நூல் 'மெய்யியல் ஆய்வுகள்'. அதற்கு 1945 ஜனவரியில் அவர் எழுதிய முன்னுரையைப் பாருங்கள். தன் பழைய பிழைகளை உணர வைத்தவர்கள் என்று அவர் நன்றி சொல்வது கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஃபிராங்க் ராம்சேக்கும், பொருளியல் அறிஞர் பியெரோ ஸ்ராஃபாவுக்கும். பள்ளிக்கூடம் என்ற பேச்சே அங்கே இல்லை. நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு தொடர்பை ஏற்றிச் சொல்லிவிடக் கூடாது.

பதில்: சிலேட்டுப் பலகை

தம்பிக்கு வணக்கம். நான் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தே பணி ஓய்வு பெற்றவள். விட்கென்ஸ்டைனிடம் நான் வந்ததே அவர் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போட்ட அகராதி வழியாகத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அவர் உயிரோடிருந்தபோது புத்தகமாக வெளிவந்தவை இரண்டுதான். ஒன்று டிராக்டேட்டஸ். மற்றொன்று 1926-ல் வியன்னாவில் அச்சான தொடக்கப்பள்ளி அகராதி. 42 பக்கம், 5,000-க்கும் மேற்பட்ட சொற்கள். தத்துவக்காரர்கள் இதை ஒரு வேடிக்கைத் தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். வகுப்பெடுத்தவர்களுக்கு அது வேடிக்கையே இல்லை.

அந்தக் காலத்தில் அங்கே கிடைத்த அகராதிகள் ஒன்று மிகப் பெரியவை, ஏழை வீட்டுப் பிள்ளை வாங்க முடியாது. இல்லையென்றால் மிகச் சின்னவை, வாங்கியும் பிரயோஜனமில்லை. அதனால் அவர் பிள்ளைகளையே ஆளுக்கொரு சொல்லகராதி எழுத வைத்தார். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அது நன்றாக வேலை செய்ததைப் பார்த்த பிறகுதான் அச்சிடலாம் என்ற எண்ணமே வந்தது.

ஏன் இவ்வளவு பாடு என்பதற்கு 1925 ஏப்ரலில் ஓட்டர்தாலில் உட்கார்ந்து ஒரு முன்னுரை எழுதினார். அதில் அவர் சொல்வதன் சாரம் இது. பிள்ளை எழுதிய கட்டுரையை அந்தப் பிள்ளையே திருத்த வேண்டும். இது என் எழுத்து, இதற்கு நான்தான் பொறுப்பு என்ற உணர்வு அதற்கு வர வேண்டும். அப்படிப் பொறுப்பேற்கச் சொன்னால், எது சரி என்று தானே பார்த்துக்கொள்ள ஒரு கருவியையும் கையில் கொடுத்தாக வேண்டும். அந்தக் கருவிதான் அகராதி. நோட்டுகளைப் பிள்ளைகளுக்குள் மாற்றிக்கொடுத்துத் திருத்த வைப்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளையின் நோட்டில் இன்னொரு பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை என்கிற மாதிரி எழுதுகிறார்.

இதைப் படித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். சொல்வதெழுதுதல் முடிந்ததும் நோட்டைப் பக்கத்தில் மாற்று, சிவப்பு மையில் தப்புப் போடு, பத்துக்கு எத்தனை என்று எழுது. நம் பள்ளிகளில் இது எவ்வளவு சாதாரணம்! அவசரத்துக்கு அதுதான் வழி என்றே எல்லாரும் செய்கிறோம். அதில் பிள்ளைக்குத் தெரிவது தான் வாங்கிய மதிப்பெண் மட்டும்தான். தப்பைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை, அதாவது படிப்பே அதுதான், அது பக்கத்துப் பிள்ளையோடு போய்விடுகிறது.

எந்தச் சொற்களைச் சேர்ப்பது என்பதிலும் அவர் கறாராக இருந்தார். ஆஸ்திரியக் கிராமத்துப் பிள்ளைக்குப் பழக்கமான சொற்கள் மட்டும் வேண்டும், ஆனால் அவை எல்லாமே வேண்டும். அந்தப் பக்கத்தில் புழங்காத நல்ல ஜெர்மன் சொல்லாக இருந்தாலும் இடமில்லை. வட்டார வழக்குச் சொல்லாக இருந்தாலும் பிள்ளை பேசுகிறதென்றால் இடமுண்டு. 'எங்கே', 'என்ன' மாதிரிச் சொற்களுக்கு எதற்கு அகராதி என்று நமக்குத் தோன்றும். அவற்றைக்கூடப் பிள்ளைகள் தப்பாக எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் எந்தச் சொல்லும் மிகச் சாதாரணம் என்று தள்ள முடியாது என்கிறார். சொற்களை வரிசைப்படுத்துவதிலும் அப்படியே. சுத்தமான அகரவரிசையில் போட்டால், ஒரே வேரிலிருந்து வந்த சொற்களுக்கு நடுவே சம்பந்தமில்லாத சொல் வந்து உட்காரும், பிள்ளை குழம்பும். வேரின்படி அடுக்கினால் பிள்ளைக்குத் தேடவே தெரியாது. இந்தப் பிள்ளை இந்தச் சொல்லை எங்கே போய்த் தேடும் என்பதைத்தான் ஒவ்வொரு இடத்திலும் யோசித்து முடிவெடுத்திருக்கிறார்.

மேலிடத்தில் ஒரு ஆய்வாளர் மதிப்பிட்டு, குறைகள் சொல்லி, கடைசியில் அகராதி வெளிவந்தது. அந்த முன்னுரை மட்டும் சேர்த்து அச்சாகவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1977-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2020-ல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்திருக்கிறது.

வகுப்பறையில் எப்படி இருந்தார் என்று கேட்டிருந்தீர்கள். வியன்னாவில் சிறுவர் இல்லம் ஒன்றில் அவர் பாடம் எடுத்ததை அக்கா ஹெர்மீன் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். நீராவி எந்திரம் எப்படி வேலை செய்யும் என்று சொல்லித் தரவில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, பையன்களே அதைக் கண்டுபிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தார். மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பையன்கள்கூட, நான் சொல்கிறேன் நான் சொல்கிறேன் என்று ஒருவர்மேல் ஒருவர் ஏறி வந்தார்களாம். டிராட்டன்பாக்கில் செத்துக் கிடந்த பூனையை எடுத்துவந்து, வேகவைத்து எலும்பைப் பிரித்து, பிள்ளைகளோடு சேர்ந்து முழு எலும்புக்கூடாகக் கோத்தார். ஊர்க் கம்பளி ஆலையில் எந்திரம் நின்றுபோய், பொறியாளர்களால் முடியாதபோது இவர் போய் ஓட வைத்தார் என்றும், அதற்குக் கொடுத்த துணியை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். வியன்னாவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனால் வழியெல்லாம் பாடம்தான். கல், செடி, கட்டடம், எந்திரம் ஒன்றையும் விடமாட்டார். திரும்பும்போது க்ளோக்னிட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, காட்டு வழியே பல மைல் இருட்டில் நடந்துதான் ஊர் சேர வேண்டும்.

எப்படி வாழ்ந்தார் என்பதற்கு ராம்சே எழுதிய கடிதம் இருக்கிறது. டிராக்டேட்டஸைப் புரிந்துகொள்வதற்காகவே 1923 செப்டம்பரில் அந்த இளைஞர் புஹ்பெர்க் வரை போனார். சுண்ணாம்பு அடித்த ஒரு சின்ன அறை. அதில் கட்டில், முகம் கழுவும் மேசை, ஒரு சின்ன மேசை, ஒரே ஒரு கடினமான நாற்காலி. இரவுச் சாப்பாடு முரட்டு ரொட்டி, வெண்ணெய், கோகோ. சேர்ந்து சாப்பிட்டதை ராம்சே அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். அந்த அறையில் உட்கார்ந்துதான் இருவரும் தினமும் மணிக்கணக்காக ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள்.

இப்போது சார் வைத்த எச்சரிக்கைக்கு வருகிறேன். 'மெய்யியல் ஆய்வுகள்' முன்னுரையில் பள்ளிக்கூடம் இல்லை என்பது உண்மைதான். அவர் நன்றி சொல்வது தன்னோடு வாதாடியவர்களுக்கு. ஒன்பது வயதுப் பிள்ளை வாதாடாது. அது தப்பாக எழுதிக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் முன்னுரையை விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். 'மெய்யியல் ஆய்வுகள்' முழுக்க யார் நடமாடுகிறார்கள்? கற்றுக்கொடுப்பவனும் கற்பவனும்தான்.

143-ஆம் பத்தியைப் பாருங்கள். ஒரு மாணவனுக்கு 0 முதல் 9 வரை எண்களை எழுதச் சொல்லித் தருகிறோம். முதலில் கையைப் பிடித்து எழுத வைக்கிறோம். பிறகு அவனாக எழுத வேண்டும். அந்த இடத்தில் அவன் சில நேரம் ஒழுங்கில்லாமல் கண்டபடி எழுதுகிறான். இன்னொருவன் 1, 0, 3, 2, 5, 4 என்று எழுதுகிறான். அது கண்டபடி எழுதுவது இல்லை, அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இந்த இரண்டு வகைத் தப்புக்கும் நடுவே திட்டவட்டமான கோடு கிடையாது என்கிறார்.

இதை நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. தொண்ணூற்றொன்பது, நூறு வரை அழகாக எழுதிவந்த பிள்ளையிடம் நூற்றி ஐந்து எழுதச் சொல்லுங்கள். 1005 என்று எழுதும். நூறு எழுதியாச்சு, பக்கத்தில் ஐந்து எழுதியாச்சு. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது. நூற்றிப் பன்னிரண்டு 10012. ஒவ்வொன்றிலும் அதே ஒழுங்கு, தன் கணக்கில் துளி பிசகில்லை. ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டால் நீங்கள்தானே டீச்சர் சொன்னீர்கள் என்று முகத்தைப் பார்க்கும்.

185-ஆம் பத்தியில் அவர் கொண்டுவருகிற மாணவன் இதே பிள்ளைதான். இரண்டு இரண்டாகக் கூட்டிக்கொண்டே போ என்கிறோம், 1000 வரை சரியாகப் போகிறான். அதற்குமேல் 1004, 1008, 1012 என்று எழுதுகிறான். தப்பு என்றால், ஏன், முன்பு செய்தமாதிரியேதான் செய்கிறேன் என்கிறான். விதி என்றால் என்ன, ஒரே மாதிரி என்றால் என்ன, அர்த்தம் எங்கே இருக்கிறது என்று பெரிய பெரிய அறிஞர்கள் இந்த ஒரு உதாரணத்தின் மேல் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் அவர் எழுதிய பதில்களைவிட அந்த மாணவனின் முகம்தான் முதலில் தெரிகிறது.

சார் பார்த்திருப்பார், 'செட்டல்' என்று பிற்பாடு தொகுத்த துண்டுக் குறிப்புகளில் 412-ஆவது குறிப்பு. நான் செய்வது குழந்தை உளவியலா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, கற்பித்தல் என்ற கருத்தையும் அர்த்தம் என்ற கருத்தையும் இணைக்கிறேன் என்று சொல்கிறார். அதற்குமேல் ஒருவர் என்ன சாட்சி சொல்ல வேண்டும்?

பதில்: மலைக்காற்று

அருமையான பதில் டீச்சர். அடித்த விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது 1920-கள். 'கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று நம் ஊரில் பெற்றோரே வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போன காலத்தை நாமே பார்த்திருக்கிறோம். அன்றைய வாத்தியாரை இன்றைய சட்டத்தை வைத்து அளக்கக் கூடாது.

மறுமொழி: வகுப்பறை வாசகன்

டீச்சர், இவ்வளவு எழுதியதற்கு மிக்க நன்றி. 1005 இந்த வாரம்கூட என் வகுப்பில் வந்தது. ஆனால் பூனை எலும்புக்கூடு கோத்தவரும் பிள்ளையை அடித்தவரும் ஒரே ஆள்தானா? மலைக்காற்று சொல்வதுபோல் காலத்தின் மேல் போட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

மறுமொழி: சிலேட்டுப் பலகை

ஒரே ஆள்தான் தம்பி.

மலைக்காற்று, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் காலத்தைக் காரணம் காட்ட முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்து ஊர்க்காரர்களே பொறுக்கவில்லை. குறும்பு செய்த பையனுக்கு ஒரு அடி விழுந்தால் அவர்களும் கண்டுகொள்ளாமல் இருந்திருப்பார்கள். இவர் அடித்தது கணக்கு வராததற்கு. தினமும் காலையில் நீண்ட நேரம் கணக்குதான், அதுவும் அந்த வயதுக்கு மீறிய இயற்கணிதம். புரியாத பெண்பிள்ளைகளின் காதைத் திருகினார், முடியைப் பிடித்து இழுத்தார். வரும் என்று அவர் நம்பிய பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்தார், பள்ளி விட்ட பிறகும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வராத பிள்ளைகள் அவரைக் கண்டாலே நடுங்கினார்கள்.

1926 ஏப்ரலில் ஓட்டர்தாலில் நடந்தது இது. 11 வயதுப் பையன். உடம்பு தேறாத, பாடத்தில் மெதுவான பிள்ளை. அப்பா இல்லை, அம்மா ஒரு விவசாயி வீட்டில் வேலைக்காரி. தலையில் இரண்டு மூன்று அடி விழுந்ததும் மயங்கி விழுந்துவிட்டான். விட்கென்ஸ்டைன் அவனைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார், மருத்துவருக்கு ஆள் அனுப்பினார், மற்றப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். வழியில் அந்த விவசாயி எதிர்ப்பட்டார். அவர் மகளும் இவரிடம் அடிவாங்கியவள்தான். நீ வாத்தியாரே இல்லை, மிருகங்களைப் பழக்குகிற ஆள் என்று முகத்துக்கு நேரே கத்தினார். அந்த மாதக் கடைசியில், 28-ஆம் தேதி ராஜினாமா. மாவட்ட ஆய்வாளர் இருக்கச் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. க்ளோக்னிட்ஸில் விசாரணையும் நடந்தது. அந்தப் பையன் சில வருஷங்களில் நோயால் இறந்துபோனான்.

இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. 'மெய்யியல் ஆய்வுகள்' தொடக்கத்திலேயே, 5-ஆம் பத்தியில், குழந்தைக்கு மொழி சொல்லித் தருவது விளக்கம் சொல்வது இல்லை, பழக்குவது என்று எழுதுகிறார். ஓட்டர்தால் விவசாயி அவரைத் திட்டிய வசவுக்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். காரணம் சொல்லிக்கொண்டே போனால் ஓரிடத்தில் காரணம் தீர்ந்துவிடும், அதற்குக் கீழே பாறை, மண்வெட்டி மடங்கும் என்று இன்னொரு இடத்தில் சொல்கிறார். இது உண்மை. ஒரு பிள்ளைக்கு ஆறு விதமாகச் சொல்லியாச்சு, குச்சி வைத்து, கல் வைத்து, படம் போட்டுக் காட்டியாச்சு, இன்னமும் 1005 என்று எழுதுகிறது. அந்த நேரம் எந்த ஆசிரியருக்கும் வரும். அந்த இடத்தில் அவருக்குக் கை நீண்டது.

அதனால்தான் 208-ஆம் பத்தியை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதே ஆள், அதே இடம், ஒரு மாணவனுக்கு எப்படிப் பழக்குகிறேன் என்று எழுதுகிறார். நான் செய்து காட்டுகிறேன், அவன் பார்த்துச் செய்கிறான். சரி என்கிறேன், இல்லை என்கிறேன், எதிர்பார்ப்போடு பார்க்கிறேன், ஊக்கம் தருகிறேன். அவன் போக்கில் விடுகிறேன், சில இடத்தில் நிறுத்துகிறேன். இவ்வளவுதான் அந்தப் பட்டியல். புத்தகத்தில் எத்தனையோ மாணவர்கள் தப்புச் செய்கிறார்கள், பிடிவாதமாகச் செய்கிறார்கள். ஒருவன் மேலும் அடி விழவில்லை. இவன் எந்த வழியில் போகிறான் என்று அந்த ஆசிரியர் நின்று கவனிக்கிறார்.

பிள்ளைகளிடமிருந்து இதை அவர் கற்றார், ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது பிள்ளைகள். இதை ஒரு தட்டில் வைத்து அதை இன்னொரு தட்டில் வைத்து நேர் செய்ய என்னால் முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகும் பிரம்பு மேசைக்கு அடியில் இருக்கிற வகுப்பறைகள் நம்மிடம் இருக்கின்றன, அதனால் இந்தப் பேச்சை அந்தக் காலம் என்று முடித்துவிடவும் முடியாது.

மறுமொழி: இரண்டாம் பெஞ்ச்

டீச்சர், 208-ஆம் பத்தியைப் பல வருஷமாக நடத்துகிறேன். ஓட்டர்தாலுக்கு எதிரே வைத்துப் படிக்கலாம் என்பதை இன்றுதான் பார்க்கிறேன். மண்வெட்டி மடங்குவது 217-ஆம் பத்தி, தேடுபவர்களுக்காகச் சொல்கிறேன். பார்ட்லி சொன்ன அளவுக்கு நேரடியான காரணம் என்று இப்போதும் ஏற்க மாட்டேன். ராம்சேயும் ஸ்ராஃபாவும் கொடுத்த அடி கனமானது. ஆனால் அவர் உதாரணங்களில் மாணவர்கள் ஏன் இவ்வளவு கூட்டமாக வருகிறார்கள் என்பதற்கு நீங்கள் சொன்னதைவிடப் பொருத்தமான விடை என்னிடம் இல்லை.

இரண்டு தகவல் சேர்க்கிறேன். 1936-37 வாக்கில் நண்பர்கள் சிலரைத் தனித்தனியாகச் சந்தித்துத் தன் தவறுகளை எழுதி வைத்துப் படித்தார். அவருக்கு ரஷ்ய மொழி சொல்லித் தந்த ஃபானியா பாஸ்கல் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். அதில் ஒன்று பள்ளிக்கூடத்துச் சம்பவம். ஒரு சிறுமியை அடித்துவிட்டார், அவள் தலைமையாசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள், இவர் அடிக்கவே இல்லை என்று சாதித்துவிட்டார். அடித்ததோடு அந்தப் பொய்யும் அவரை விடவில்லை. 1936-ல் ஓட்டர்தாலுக்கே போய், வளர்ந்து ஆளாகியிருந்த பழைய மாணவர்கள் சிலர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். சிலர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள். அந்த விவசாயியின் மகள் 'ம், ம்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றது அவருடைய கடைசி எழுத்து. 1951 ஏப்ரல் 29-ல் கேம்பிரிட்ஜில் இறந்தார், அதற்கு இரண்டு நாள் முன்புவரை எழுதினார். 'நிச்சயம் பற்றி' என்று பின்னாளில் வெளிவந்த அந்தக் குறிப்புகளிலும் வகுப்பறை இருக்கிறது. குழந்தை பெரியவர்களை நம்பித்தான் கற்கிறது, சந்தேகம் அதற்குப் பிறகுதான் வரும் என்கிறார். எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்டு இடைமறிக்கிற மாணவனும் ஓரிடத்தில் வருகிறான். ஆசிரியர் அவனிடம், இடைமறிக்காமல் சொன்னதைச் செய், உன் சந்தேகத்துக்கு இன்னும் அர்த்தமே வரவில்லை என்கிறார். அவர் விட்டுப்போனவை ஏறக்குறைய 20,000 பக்கம். நூல்களாக வந்ததில் பெரும்பகுதி அவர் இறந்த பிறகு மாணவர்களும் நண்பர்களும் தொகுத்தவைதான்.

புதிதாக வாசிப்பவர் டிராக்டேட்டஸில் தொடங்க வேண்டாம். 'மெய்யியல் ஆய்வுகள்' முதல் பத்திகளில் கொத்தனாரும் சித்தாளும் கல் எடுத்துக் கொடுத்து வேலை செய்கிற உதாரணம் வரும். அங்கே நுழையுங்கள், பிறகு 143-க்கு வாருங்கள்.

மறுமொழி: வகுப்பறை வாசகன்

இருவருக்கும் நன்றி. சொந்த அகராதியை என் மூன்றாம் வகுப்பில் செய்து பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது டீச்சர்?

மறுமொழி: சிலேட்டுப் பலகை

பாடநூலின் அருஞ்சொற்களில் தொடங்காதீர்கள் தம்பி. பிள்ளைகளைத் தங்கள் வீட்டைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அதில் தப்பாக வந்த சொற்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். 'வாழைப்பழம்', 'கிணறு', 'பள்ளிக்கூடம்', 'வந்தாள்' என்று தானாகவே சேரும். வட்டாரச் சொல் வந்தாலும் தள்ளாதீர்கள், பக்கத்தில் பாடநூல் சொல்லையும் எழுத வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் எழுத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ககர வரிசைக்கும் பகர வரிசைக்கும் இரண்டு மூன்று பக்கம் தேவைப்படும்.

தேடத் தெரியுமா என்று கவலைப்பட வேண்டாம். நம் பிள்ளைகள் தடுமாறுவது ற, ழ, ள, ண, ன எழுத்துகளில். தமிழில் இவை எதுவும் சொல்லின் முதலில் வராது, தடுமாற்றம் எல்லாம் சொல்லுக்கு நடுவிலும் கடைசியிலும்தான். அதனால் எழுத்து சரியாகத் தெரியாத பிள்ளையும் முதல் எழுத்தை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடும். கட்டுரை நோட்டில் தப்பான சொல்லின் மேல் வட்டம் போடாதீர்கள். அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்துக்கொடுங்கள், சொல்லைப் பிள்ளை தேடட்டும்.